அழிக்கும் காகிதமும் காக்கும் காகிதமும்

காரியாலயங்களில் சேரும் தஸ்தாவேஜுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவற்றைக் கறையானிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது எவ்வாறு என்பதே ஆராயப்படுகிறது. அவற்றை அழிப்பது எவ்வாறு என்பது, பெருக்கித் துடைக்கும் வேலையோடு சேர்க்கப்பட்டு, கவனிப்பாரின்றி விடப்படுகிறது. பூட்டிய பீரோவினுள் இருந்தவரையில் இரகசியமாயிருந்த ஒரு தாள், பழைய காகிதக் கடைக்கு எடை போடப்பட்ட மறுகணமே இரகசியமன்று என்பது போன்ற மனப்பான்மை எங்கும் காணப்படுகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொண்டு நோக்கினால், காக்க வேண்டியது எரிவதும், அழிக்க வேண்டியது கிடந்து அலைவதும் ஒரே குறையின் இரு தோற்றங்கள் என்பது விளங்கும்.

மதனப்பள்ளி, 2022 வரையில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர். அங்குள்ள சப்-கலெக்டர் காரியாலயத்தில் 2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை இரவு தீப்பற்றி, நிலம் பற்றிய கோப்புகள் எரிந்தன. பாதி கருகிய காகிதங்கள் சில மீட்கப்பட்டன. இது தற்செயலான விபத்துதானா என்ற ஐயம் எழுந்தமையால் மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. தீக்குக் காரணம் யாது என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விஷயம். இங்கே கருத வேண்டியது வேறு. அத்தகைய கோப்புகளுள் இருப்பவை, சர்க்கார் ஏழைகளுக்கு ஒப்படை செய்த டி.கே.டி. பட்டா நிலங்களின் விவரங்கள். அரை ஏக்கர் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை பயிரிடுபவனுக்கு, அந்நிலம் தன்னுடையதே என்று காட்ட அக்கோப்பைத் தவிர வேறு சான்று இல்லாமலும் போகலாம். ஒரு கோப்பு எரிந்தால், எது எரிந்தது என்றாவது உடனே சொல்லக்கூடிய பட்டியல் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். அழிவைக் கணக்கிட இயலாத காரியாலயம், பாதுகாப்பையும் கணக்கிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இவ்வட்டாரத்தில் பதிவேடுகள் இடம் மாறுவதும் புதிதன்று. வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடமாகச் சித்தூர் விளங்கிய காலம் உண்டு. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று அதிலிருந்து திருப்பதி ஜில்லா பிரிந்தது. மதனப்பள்ளி அன்னமய்யா ஜில்லாவுக்குச் சென்றது. ஜில்லா பிரியுந்தோறும் கோப்புகளும் மூட்டை கட்டப்பட்டுப் பிரிகின்றன. மூட்டை கட்டும் நாளே, எதை வைப்பது, எதை அழிப்பது என்று தீர்மானிக்க ஏற்ற நாள். அவசரத்தில் அத்தீர்மானம் மூட்டை தூக்குவோரிடம் விடப்படுமாயின் விளைவு எத்தகையதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அழிப்பதற்கும் சட்டம் உண்டு என்பது பலர் அறியாதது. 1917ஆம் ஆண்டிலேயே பதிவேடுகள் அழிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மத்திய சர்க்கார் காரியாலயங்களுக்குரிய 1993ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி, விதிக்கப்பட்ட முறையிலன்றி எந்தப் பதிவேட்டையும் அழித்தலாகாது. 1892க்கு முற்பட்டவற்றை, படிக்கவே இயலாத நிலையை அடைந்தாலன்றி அழிக்கவே கூடாது. மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. வியாபார ஸ்தாபனங்களைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எட்டு ஆண்டுக்குப் பின் அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஸ்ரீசிட்டியில் உள்ள பெரிய ஆலை விடை வைத்திருக்கக்கூடும்; சித்தூர்க் கடைத்தெருவில் உள்ள வெல்ல மண்டி வைத்திருக்குமா என்பது ஐயமே.

திருப்பதிக்கு உரிய பிரச்சினை ஒன்று தனியாக உண்டு. நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர் வந்து தங்கும் இந்நகரில், விடுதி அறைக்கும் வாடகை வண்டிக்கும் அடையாளச் சீட்டின் நகல் கேட்கப்படுகிறது. பெரும்பாலும் அது ஆதார் அட்டையின் நகல். பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் அனைத்தும் அடங்கிய அத்தாள், யாத்திரிகர் ஊர் திரும்பிய பின்னும் மேஜை அறையிலேயே தங்குகிறது. இத்தகைய நகல்களைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டா என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டலக் காரியாலயம் 2022 மே மாதத்தில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அது தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று கூறி, இரண்டொரு நாளில் மத்திய சர்க்கார் அதைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டதேயன்றி, நகல்கள் திரும்பப் பெறப்படவில்லை. முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார்ச் சீட்டை ஆணையமே வழங்குகிறது. அதைக் கேட்டுப் பெறும் விடுதிக்கு அழிக்க வேண்டிய பாரமும் குறைவு.

2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறியதும் தரவை நீக்க வேண்டும் என்று கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்னரே அமுலாகும். ஆனால் இச்சட்டம் மின்னணு வடிவில் உள்ள, அல்லது பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்பட்ட தரவுக்கே பொருந்தும். மேஜை அறையில் கிடக்கும் காகித நகல் அதன் வலையில் விழாது. சட்டம் வந்துவிட்டது என்று விடுதிக்காரர் அஞ்சுவதும், யாத்திரிகர் ஆறுதலடைவதும், காகிதத்தைப் பொறுத்தவரை இரண்டுமே அளவுக்கு மீறியவை.

இனி, அழிக்கும் முறை. எரித்துவிட்டால் தீர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. கட்டாகக் கட்டிய காகிதத்தினுள் காற்றுப் புகாது. ஆகவே ஓரங்கள் கரிந்தாலும் நடுவில் உள்ள தாள்கள் வெண்மையாகவே எஞ்சும். கரிந்த தாளிலும், கரியும் மையும் அகச்சிவப்பு ஒளியை வெவ்வேறு அளவில் பிரதிபலிப்பதால், எழுத்தைத் தடய விஞ்ஞானிகள் படிப்பதுண்டு. மேலும் புகை ஊருக்குக் கேடு.

கையால் கிழிப்பது அதனினும் பயனற்றது. கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீஸார் 1989-90இல் கிழித்துப்போட்ட காகிதங்கள் சுமார் 16,000 மூட்டைகளாக எஞ்சின. அவற்றை ஒட்டும் வேலை 1995இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்தது. யந்திரத்தால் நீள நாடாக்களாக வெட்டுவதும் போதாது. 1979இல் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அவ்வாறு வெட்டப்பட்ட தாள்களை ஈரானியர் பொறுமையாக ஒன்று சேர்த்து நூல்களாகவே வெளியிட்டனர். குறுக்கும் நெடுக்குமாகத் துணுக்குகளாக வெட்டுவதே தக்கது. ஜெர்மனியில் வகுக்கப்பட்டு, 2018இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட அளவுகளின்படி, ஏழு படிகளுள் நான்காம் படியில் ஒரு துணுக்கின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஐந்தாம் படியில் 30க்கு மேற்படலாகாது. சம்பளப் பட்டியல், டெண்டர், வங்கி விவரம் ஆகியவற்றுக்கு நான்காம் படி போதும்.

யந்திரம் வாங்க இயலாத பள்ளிக்கும் கிராமக் காரியாலயத்துக்கும் நீரே யந்திரம். காகிதத்தில் செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து நிறுத்துவது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பாகும். நீர் புகுந்ததும் அது தளர்கிறது. கிழித்த தாள்களைத் தொட்டியில் ஓரிரு நாள் ஊறவைத்து, உரலிலோ அரவை யந்திரத்திலோ இட்டால் இழைகள் பிரிந்து கூழாகின்றன. கூழிலிருந்து எழுத்தை மீட்க வழியில்லை. பழைய விடைத்தாள்களும் மாணவர் மாற்றுச் சான்றிதழ் நகல்களும் கடலைப் பொட்டலமாவதினும், கைத்தொழில் வகுப்பில் கூழ் பொம்மையாவது மேல். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகள் மட்டும் இம்முறைக்கு உட்படா. அவற்றைக் கத்தரித்தே ஆக வேண்டும். கணினியில் ஒரு கோப்பை நீக்குவது பெரும்பாலும் அதன் முகவரிக் குறிப்பை நீக்குவதே. பல நகல் யந்திரங்களுக்குள்ளும் தாளின் பிம்பத்தைச் சேமிக்கும் தட்டு உண்டு என்பதை, பழைய யந்திரத்தை விற்குமுன் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முறை எதுவாயினும், அழிக்கப்படும் கோப்புகளின் பட்டியல், உத்தரவிட்ட அதிகாரியின் பெயர், நாள், அழித்த விதம், உடனிருந்த இருவரின் கையொப்பம் ஆகியன ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகல் வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். நீதிமன்ற வழக்கோ, தணிக்கையோ, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியான மனுவோ நிலுவையில் உள்ள கோப்பை, கால வரம்பு கடந்ததாயினும், அப்பட்டியலில் சேர்த்தலாகாது.