கணக்கில் வராத கடாக் கன்று

புது தில்லி: உலகச் சந்தைக்கு மாட்டிறைச்சி அனுப்பும் முன்னணி நாடுகளின் வரிசையில் இந்தியாவின் பெயர் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிடும் அந்தப் பட்டியல் பசுவையும் எருமையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியா அனுப்புவதோ எருமை இறைச்சி. பசு, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய நாட்டின் ஏற்றுமதிக் கொள்கை இடம் தரவில்லை. 2023-24-ஆம் நிதியாண்டில் சுமார் 12.95 லட்சம் டன் எருமை இறைச்சி, ஏறத்தாழ ரூ. 31 ஆயிரம் கோடி மதிப்பில், வியத்நாம், மலேசியா, எகிப்து, இராக் உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்றுள்ளது. வேளாண் ஏற்றுமதியில் அரிசிக்கு அடுத்த வரிசையில் பேசப்பட வேண்டிய வருவாய் இது. ஆனால், எந்தக் கட்சியின் மேடையிலும் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இல்லை.

பேசத் தயங்குவதன் விலையை இன்று ஓர் இளம் உயிரும் அதை வளர்க்கும் விவசாயியும் செலுத்திக் கொண்டிருக்கிறார்கள். அந்த உயிர், பிறந்த சில வாரங்களிலேயே பட்டினியாலும் நோயாலும் மடியும் எருமைக் கடாக் கன்று.

இறைச்சி மாடுகளின் தீவனம், வளர்ச்சி, இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே அறிவியலாகப் பார்ப்பது பிற ஏற்றுமதி நாடுகளின் வழக்கம். பிரேஸிலில் காம்போ கிராண்டே நகரில் இதற்கென்றே அரசு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அந்நாட்டு இறைச்சி மாடுகளில் பெரும்பான்மையாக இருக்கும் நெலோரி இனம், ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகளிலிருந்து உருவானது. நம் மண்ணின் மாட்டை எடுத்துச் சென்று, அதன் தீவனத்தையும் வளர்ச்சியையும் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து ஒரு பெரும் தொழிலை அவர்கள் கட்டியெழுப்பினார்கள். இந்தியாவின் ஏற்றுமதியோ அப்படித் திட்டமிட்டு வளர்ந்ததன்று. பால் வற்றிய முதிய எருமைகளே அதன் பெரும்பகுதி. அதாவது, பால் தொழிலின் மிச்சமே நமது இறைச்சித் தொழில்.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. எருமைக்கென்று ஹரியாணாவின் ஹிஸாரில் 1985 முதல் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. கர்னாலில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம், உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் இந்திய கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாதில் இறைச்சி ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் ஆகியவையும் இயங்குகின்றன. 2009-இல் கர்னாலிலும், 2015-இல் ஹிஸாரிலும் குளோனிங் முறையில் எருமைக் கன்றுகளை உருவாக்கி உலகின் கவனத்தை ஈர்த்தவர்கள் நமது விஞ்ஞானிகள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கன்றைப் படைக்கத் தெரிந்த நாட்டில், தொழுவத்தில் தானாகப் பிறந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை என்பது வேதனைக்குரியது.

கன்று ஏன் சாகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்தால்தான் நோய் எதிர்ப்பு ஆற்றல் கன்றுக்கு வந்து சேரும். தாயின் பால் வழியாகவே குட்டியைத் தொற்றும் உருளைப்புழு எருமைக் கன்றுகளின் பெரும் எதிரி. இரண்டாவது வாரத்தில் கொடுக்கும் மலிவான குடற்புழு மருந்து ஒன்றே அதிலிருந்து காக்கப் போதுமானது. இவை இரண்டும் பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக உள்ளவை.

ஆனால், விவசாயியின் கணக்கு வேறு. 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 3 லிட்டர் பால் தேவை. லிட்டர் 60 ரூபாய் என்று கொண்டால் மாதம் 5,400 ரூபாய். மூன்று மாதத்துக்கு 16 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கிடேரிக் கன்று என்றால் நாளை பால் தரும் என்று அந்தச் செலவை ஏற்பார். கடாக் கன்றுக்கு உழவு வேலையும் இல்லை; டிராக்டர் அதைப் பறித்துவிட்டது. வளர்த்தால் வாங்குவோர் யார், என்ன விலை என்பதும் தெரியாது. எனவே, தாய் பாலைச் சுரக்கும் அளவுக்கு மட்டும் கன்றை மடியில் விட்டு இழுத்துக் கட்டுகிறார். கன்று இறந்த பின் பால் சுரக்க ஆக்ஸிடோசின் ஊசி வருகிறது. தலைநகரின் பால்பண்ணைக் குடியிருப்புகளில் இந்த ஊசி போடுவது விலங்குவதைதான் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் கண்டிக்க நேர்ந்தது இதன் தொடர்ச்சியே. இதை விவசாயியின் கொடுமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அவர் வறுமையின் கணக்கைத்தான் போடுகிறார்.

அந்தக் கணக்கை மாற்றும் வல்லமை தீவன அறிவியலுக்கு உண்டு. நார்ச்சத்து மிகுந்த வைக்கோலையும் கோதுமைத் தாளையும் பசுவைவிட நன்றாகச் செரிக்கும் இயல்பு எருமைக்கு இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் அதன் புரத அளவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. இதனுடன் அளவான அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்ந்தால் கடாக் கன்று நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேல் எடை கூடும். ஒன்றரை ஆண்டில் 300 கிலோவை எட்டும். முதிய எருமையின் இறைச்சியைவிட இளங்கடாவின் இறைச்சி மென்மையானது. நல்ல விலை பெறக் கூடியது. முதல் மூன்று மாதத்துக்கு மலிவான பால் மாற்றுத் தீவனம் கிடைத்து, கடைசியில் உறுதியான விலையும் கிடைத்தால் எந்த விவசாயியும் கன்றைப் பட்டினி போட மாட்டார்.

இது இறைச்சி உண்போரின் பிரச்னை மட்டுமே என்று நினைப்போர், கன்றின் பட்டினி பாலையும் பாதிக்கிறது என்பதை அறிய வேண்டும். நாட்டின் ஆண்டுப் பால் உற்பத்தியான ஏறத்தாழ 24 கோடி டன்னில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் எருமைப்பால். எருமைக்குப் பருவ அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியாது. கோடையில் சினைப்பிடிப்பு குறையும். சினைக்காலமே 10 மாதத்துக்கு மேல். இக்காரணங்களால் செயற்கை முறைக் கருவூட்டல் எருமையிடம் எளிதில் வெற்றி பெறுவதில்லை. கிராமங்களில் பெரும்பாலான எருமைகள் இன்றும் பொலிகடாவையே நம்பியுள்ளன. அந்தப் பொலிகடா எங்கிருந்து வரும்? இன்று பட்டினியில் சாகும் கடாக் கன்றுகளில், நல்ல தாய்க்குப் பிறந்த ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு இதற்கான எச்சரிக்கை மணியை அடித்தது. 10.98 கோடி எருமைகளில் ஆண் எருமைகள் ஒரு கோடிக்கும் குறைவு. 2012-ஆம் ஆண்டுக் கணக்குடன் ஒப்பிட்டால் பெண் எருமைகள் 8 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க, ஆண் எருமைகள் 42 சதவீதம் குறைந்திருந்தன. உழவுக் கடாக்கள் மறைந்ததும் இறைச்சிக்குச் சென்றதும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தேர்ந்தெடுக்கக் கன்றே மிஞ்சாத நிலையில் இனமேம்பாடு என்பது வெறும் சொல்லாகிவிடும்.

பெண் கன்றுகளை மட்டும் பிறக்கச் செய்யும் பாலினம் பிரித்த உறைவிந்துதான் தீர்வு என்கிறது அரசு. 90 சதவீதம் வரை கிடேரிக் கன்று பிறக்கும் என்பதும், உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகமாகி விலை குறைய வழி பிறந்திருப்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால், சாதாரண உறைவிந்தைவிட இதில் சினைப்பிடிப்பு குறைவு. செயற்கைக் கருவூட்டலே எட்டாத எருமைகளுக்கு இதுவும் எட்டாது. பிறக்காமல் தடுப்பது ஒரு வழி என்றால், பிறந்ததைக் காப்பது அதைவிட முந்தைய கடமை.

கடாக் கன்றுகளை மீட்டு வளர்க்கும் திட்டம் ஒன்று 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-12) வகுக்கப்பட்டது. அது பரவலாக வேரூன்றவில்லை. 2021-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், கோழி, ஆடு, பன்றி, தீவனம் ஆகியவற்றில் தொழில்முனைவோருக்கு 50 சதவீத மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் அதில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் மத்திய அமைச்சரவை சேர்த்தது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஈட்டும் எருமையின் கடாக் கன்று அப்போதும் அந்தப் பட்டியலில் சேரவில்லை.

காரணம் அரசியல். 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் "இளஞ்சிவப்புப் புரட்சி" என்று இறைச்சி ஏற்றுமதி சாடப்பட்டது. சாடியவர்களின் ஆட்சியிலும் ஏற்றுமதி நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. 2017 மே மாதம் சந்தைகளில் இறைச்சிக்காகக் கால்நடை விற்பதைத் தடுத்த மத்திய விதிகள் எருமையையும் உள்ளடக்கின. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஆயினும் சாலைகளில் அச்சம் நீங்கவில்லை. 2017 ஏப்ரலில் தில்லி கால்காஜியில் எருமை ஏற்றிச் சென்றோர் தாக்கப்பட்டனர். 2024 ஜூனில் சத்தீஸ்கரின் ஆரங் அருகே எருமைகளுடன் சென்ற லாரியில் இருந்த மூவர், துரத்தப்பட்ட பின் உயிரிழந்தனர். சட்டம் அனுமதிக்கும் விலங்கைச் சந்தைக்குக் கொண்டு செல்வதே உயிருக்கு ஆபத்து என்றால், எந்த விவசாயி கன்றை ஒன்றரை ஆண்டு வளர்ப்பார்?

அறுப்பதற்காக ஓர் உயிரை வளர்ப்பது அறமா என்று கேட்போரின் உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால், மூன்று வாரத்தில் பட்டினியால் சாவது எந்த அறத்தில் சேரும் என்பதற்கும் அவர்கள் விடை சொல்ல வேண்டும். பசுப் பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டப்படும் அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, கால்நடை வளர்ப்பை நவீன அறிவியல் முறையில் அமைக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. அந்த முதல் பாதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியப் பட்டியலில் கடாக் கன்று வளர்ப்பைச் சேர்க்க வேண்டும். சீம்பால், குடற்புழு நீக்கம், பால் மாற்றுத் தீவனம் ஆகிய மூன்றையும் கூட்டுறவுப் பால் சங்கங்கள் வழியே கன்று பிறந்த வீட்டுக்கே கொண்டு செல்ல வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்கள் விவசாயிகளுடன் விலை ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவகுக்க வேண்டும். கன்றுகளில் சிறந்தவற்றைப் பொலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஹிஸார் நிறுவனத்தின் தலைமையில் மாநிலங்கள் ஏற்க வேண்டும். சட்டப்படி எருமை ஏற்றிச் செல்வோருக்குக் காவல் துறை பாதுகாப்பு அளிக்க வேண்டும்.

ஏற்றுமதி வருவாயை வாங்கிக் கொள்ளும் அரசு, அந்த வருவாயைத் தரும் விலங்கின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவது நேர்மையாகாது. பசுவைக் குறித்த விவாதம் இன்னும் நெடுங்காலம் தொடரலாம். அது முடியும்வரை எருமைக் கன்று பட்டினி கிடக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.