நெல்லு அறுத்தாச்சு, குடோன் எங்க?

சூப்பர் கம்ப்யூட்டர்னு சேதி வந்தாலே நாம கேக்குற முதல் கேள்வி, "ஸ்பீடு எவ்வளவு?" 2024 செப்டம்பர்ல வானிலைக்காக ரெண்டு மெஷின் தொடங்கி வச்சாங்க. புனேயில அர்கா, 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். நொய்டாவுல அருணிகா, 8.24. சரி, அர்காவோட சேமிப்பு 33 பெட்டாபைட், அருணிகாவோடது 24ங்கிறதை எத்தனை பேர் கவனிச்சோம்?

தஞ்சாவூர்க்காரங்களுக்கு இந்த மேட்டர் சட்டுனு புரியும். அறுவடை மிஷின் வந்து வேலையை மளமளன்னு முடிச்சிடும். அப்புறம்? கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு சாக்கு இல்ல, லாரி வரல, குடோன்ல இடமில்லன்னு காத்துக் கிடக்கணும். நடுவுல மழை புடிச்சா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிடும், வாங்க மாட்டாங்க. சூப்பர் கம்ப்யூட்டர் கதையும் இதேதான். ஆயிரக்கணக்கான ப்ராசஸர் கணக்கைப் போட்டு முடிச்சுட்டு, விடையை டிஸ்க்ல எழுத வரிசையில நிக்கும்.

2025 மே மாசம் பாரத் முன்னறிவிப்பு முறை வந்தப்ப, கட்டத்தோட அளவு 12 கிலோமீட்டர்லேர்ந்து 6 ஆச்சு. பாதிதானேன்னு தோணும். ஆனா நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு. ஒரு கட்டம் இருந்த இடத்துல இப்ப நாலு. எழுத வேண்டியதும் நாலு மடங்கு. மொத்தத்தையும் வேகமான டிஸ்க்லயே வச்சுக்க முடியுமா? கொஞ்சம் டேப்புக்குப் போகணும், மிச்சத்தை அழிக்கணும்.

"அழிச்சா என்னய்யா, நேத்து மழைதான் பேஞ்சு முடிஞ்சிடுச்சே"ன்னு கேக்கலாம். அங்கதான் எனக்கு ஆட்சேபணை. 2025ல சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு, பருவமழை எப்ப தொடங்கும்னு ஏஐ உதவியோட எஸ்எம்எஸ் அனுப்பினாங்க. அதுல உதவுன கூகுளோட நியூரல்ஜிசிஎம், ஐரோப்பிய மையத்தோட ஏஐஎஃப்எஸ் ரெண்டுமே ஈஆர்ஏ5ங்கிற பழைய வானிலைத் தொகுப்பைப் படிச்சு வளர்ந்ததுங்க. அதை உருவாக்கிப் பத்திரமா வச்சிருக்கறது ஐரோப்பாக்காரங்க. நம்ம வானிலைத் துறை சேர்த்து வச்ச 125 வருஷ மழைக்கணக்கும் அதுல கைகொடுத்துச்சு. ஆக, சேர்த்து வச்சவன் கையிலதான் விதைநெல்லு :-)

எல்லாத்தையும் வைங்கன்னு நான் சொல்லல. டிஸ்க்குக்கும் கரெண்டுக்கும் காசு வேணும். ஆனா தினசரி மழை முன்னறிவிப்பையாவது, 6 கிலோமீட்டர் கட்டத்துக்கே, அழிக்காம வைக்கணும். முழு டேட்டாவோட ஒப்பிட்டா அது கைப்பிடி நெல்லு. தை மாசம் சம்பா கதிர் சாயுற நேரத்துல வர்ற மழையை எத்தனை தடவை சரியா சொன்னாங்க, எத்தனை தடவை கோட்டை விட்டாங்கன்னு ஒரத்தநாட்டுக்குத் தனியா, திருவையாறுக்குத் தனியா பாக்கணும்னா அது இருந்தாத்தான் முடியும். அப்பத்தான் நாளைக்கு அறுக்கலாமா வேணாமான்னு அந்த முன்னறிவிப்பை நம்பி முடிவெடுக்க முடியும்.

அடுத்த மெஷின் வரும்போது ஸ்பீடைக் கேளுங்க, வேணாங்கல. கூடவே குடோனையும் கேளுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க மக்களே?