மௌனம் சம்மதமா?

நாங்கள் நாக்பூருக்கு வந்த புதிதில் தமிழ் வாசிக்க வேண்டுமென்றால் தபாலில் வரும் வாரப் பத்திரிகைதான் கதி. மணியார்டரில் ஓராண்டுச் சந்தா கட்டுவோம். முடியும் தறுவாயில் மேலுறையில் 'இந்த இதழுடன் தங்கள் சந்தா முடிகிறது' என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். நாம் மறுபடி பணம் அனுப்பாவிட்டால் பத்திரிகை நின்றுவிடும். பேசாமல் இருந்தால் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

இன்று செல்போன் செயலிகளில் இது தலைகீழாகிவிட்டது. பேசாமல் இருந்தால் 'வேண்டும், மாதாமாதம் எடுத்துக்கொள்' என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு அனுபவத்தையே சொல்கிறேன். பழைய தமிழ்ப் படங்களும் பக்திப் பாடல்களும் கிடைக்கிறதென்று சென்ற ஆண்டு என் மனைவி ஒரு செயலியில் சேர்ந்தாள். ஒரு ரூபாய் கட்டினால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்தினாள். அந்த ஒரு அழுத்தல் ஒரு ரூபாய்க்கு மட்டுமல்ல, மாதம் 299 ரூபாய் எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கும் சேர்த்துத்தான் என்பது, பாஸ்புக்கில் வரவு செலவு பதியப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு மாதம், 2,093 ரூபாய். பார்த்த படம் இரண்டோ மூன்றோ.

அவளைக் கோபித்துக்கொண்டேன். பிறகு செல்போனை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் எச்சரிக்கைச் செய்தி ஒழுங்காக வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். "லோன் வேணுமான்னு தினம் பத்து மெசேஜ் வருது, இதுவும் அந்த மாதிரின்னு விட்டுட்டேன்" என்றாள். தமிழ் நன்றாக வாசிப்பாள், காய்கறிக் கடையில் இந்தியில் பேரம் பேசுவாள். ஆங்கிலம் வராது. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த முந்தைய நாள் செய்தி சும்மா வருவதல்ல. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் கார்டுகளுக்காக விதி செய்தது. 2020 ஜனவரியில் யு.பி.ஐ.க்கும் விரித்தது. தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அந்த ஒரு தவணையையோ, அனுமதி முழுவதையுமோ ரத்து செய்ய வழி இருக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் நாமே ஒப்புதல் தர வேண்டும். அந்த வரம்பு முதலில் 2,000 ரூபாயாக இருந்து, 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் வரை உயர்த்தினார்கள்.

2021 அக்டோபர் முதல் தேதி இந்த விதி கண்டிப்பாக அமலுக்கு வந்தபோது, தயாராக இல்லாத நிறுவனங்களின் கட்டணங்கள் பல நின்றுபோயின. "எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறார்கள்" என்று புனேயில் இருக்கும் என் மாப்பிள்ளை அலுத்துக்கொண்டார். அவருக்கு அது தொந்தரவு. எனக்கு அது காவல். இன்றுவரை எங்களுக்குள் இதில் உடன்பாடில்லை.

ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு வரியை. அதே 2019 சுற்றறிக்கையில், முன்னறிவிப்பு தெளிவாகவும், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்மில் யாரையாவது எந்த வங்கியாவது 'உங்களுக்கு எந்த மொழி புரியும்?' என்று கேட்டதுண்டா? என்னைக் கேட்கவில்லை. நாமும் வாய் திறந்து கேட்டதில்லை. மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு தமிழில் கேட்பதா என்ற கூச்சம் வேண்டாம். விதி மாநிலத்தின் மொழியைச் சொல்லவில்லை, வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியைத்தான் சொல்கிறது. புரியாத மொழியில் வந்த அறிவிப்புக்குப் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். செய்தி வரவில்லையென்றால் வண்டி நிற்கும். சந்தாவிலும், பொழுதுபோக்குச் செயலிகளுக்காவது, இந்த முறை வர வேண்டும் என்பது என் கட்சி. ஆண்டுக்கு ஒரு முறையாவது நம்மைக் கேட்கட்டும். பதில் வராவிட்டால் நிறுத்திவிடட்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம், மின்சாரக் கட்டணம் வேறு வகை. அவை மறதியால் நின்றால் நமக்குத்தான் நஷ்டம். தானாகப் போவதே நல்லது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் கோளாறு.

சேர்வதற்கு ஒரு அழுத்தல், விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்று வைக்கும் தந்திரத்துக்கு அரசே 'சந்தாப் பொறி' என்ற பொருளில் பெயர் வைத்து, 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்த 13 தந்திரங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்தால், யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். அங்கேயே ரகசிய எண்ணைப் போட்டு ரத்து செய்யலாம். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் பணம் போவது நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது. என் மனைவியின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. பேரன் எப்போதோ விளையாட்டுக்குச் சேர்த்தது!

எங்கள் வங்கிக் கிளையில், முன்னறிவிப்புகள் தமிழில் வேண்டும் என்று மனைவி கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்திருக்கிறோம். கவுன்டரில் இருந்த இளைஞர் இரண்டு முறை படித்துவிட்டு, உள்ளே போய் மேலாளரைக் கேட்டு வந்து, நகலில் முத்திரை போட்டுத் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தின் மாதிரி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிறு மாலைகளில் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம்.