தூதர் மோட்டாரும் தோல் லாரியும்

ஆம்பூரிலிருந்து பாதரட்சைகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்படும் லாரி, பள்ளிகொண்டா சுங்கச் சாவடியில் கட்டணம் செலுத்திய பிறகே வேலூரைப் பார்க்க முடியும். லண்டன் மாநகரின் மத்தியப் பகுதியிலும் இதைப் போன்ற கட்டணம் ஒன்று உண்டு. வண்டி நெரிசலைக் குறைக்கும்பொருட்டு 2003-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அதை ஏற்படுத்தினார்கள். சாமான்ய ஜனங்கள் செலுத்துகிறார்கள். பல தேசங்களின் ஸ்தானிகராலயங்களோ செலுத்த மறுக்கின்றன.

2024-இல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட பாக்கி ஜாபிதாவில் மொத்தம் 14 கோடி பவுனுக்கு மேல் காணப்பட்டது. முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாவது ஜப்பானுக்கு. மூன்றாவது இடம் நமது பாரத தேசத்தின் ஹைகமிஷனுக்கு. தொகை சுமார் 85 லட்சம் பவுன்!

தூதருக்கு விலக்குரிமை அவசியமானதே. பொய் வழக்குத் தொடுத்து அயல்நாட்டுப் பிரதிநிதியை அச்சுறுத்த முடியுமானால், தேசங்களுக்கிடையே பேச்சே நடவாது. ஆகவேதான் 1961-ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கை அவரைக் கைது செய்யலாகாது என்கிறது. 1972-இல் நமது பார்லிமெண்டும் இதற்குச் சட்டம் இயற்றிற்று. ஆனால் அதே உடன்படிக்கை, தூதர் தாம் வாழும் நாட்டின் சட்டங்களை மதித்து நடக்கக் கடமைப்பட்டவர் என்றும் விதிக்கிறது. வரியிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. குறிப்பிட்ட சேவைக்கான கட்டணத்திலிருந்து இல்லை. லண்டன் தொகை வரியா, கட்டணமா என்பதே தகராறு.

சென்னையிலுள்ள கான்ஸல்களின் உரிமை இன்னும் குறுகியது. 1963-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி உத்தியோக காரியங்களுக்கு மட்டுமே அவர்களுக்குப் பாதுகாப்பு. தோல் தொழிற்சாலையைப் பார்வையிட வரும் கான்ஸலின் மோட்டார் ஆம்பூர்ச் சாலையில் ஒருவரைக் காயப்படுத்தினால், நஷ்ட ஈடு கோரி அவர் மீது சிவில் வழக்குத் தொடரலாம்.

நியூயார்க் நகரில் 1997 நவம்பர் முதல் 2002 வரை, வண்டியைத் தகாத இடத்தில் நிறுத்தியதற்காகத் தூதர்கள் மீது விதித்த அபராதங்களில் 1,50,000-க்கு மேற்பட்டவை கட்டப்படாமல் நின்றன. 2002-இல், பாக்கிதாரரின் விசேஷ நம்பர் பலகையைப் பறிக்கலாம் என்ற அதிகாரம் நகருக்குக் கிடைத்தது. உடனே குற்றங்கள் ஏறக்குறைய முழுதும் மறைந்தன! பலகை போய்விடும் என்ற பயத்தில் வந்த ஒழுக்கத்தைக் கண்ணியம் என்று யார் சொல்வார்கள்?

வேலூர் போன்ற வெளியூர்களில் ஐரோப்பியர் மீதுள்ள கிரிமினல் வழக்கை இந்திய நீதிபதியும் விசாரிக்கலாம் என்று 1883-இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, வெள்ளையர் எழுப்பிய கூக்குரல் சரித்திரப் பிரசித்தம். மறு வருஷம் அது வலுவிழந்தே சட்டமாயிற்று. ஆளுக்கொரு சட்டம் என்பதன் கசப்பை அறிந்த ஜாதியார் நாம்.

வரிதான் என்று நமது சர்க்கார் உறுதியாக நம்பினால், விஷயத்தை நடுவர் தீர்ப்புக்கு விட்டு, தீர்ப்புக்குக் கட்டுப்படட்டும். இல்லையேல் பாக்கியைத் தீர்க்கட்டும். பள்ளிகொண்டாவில் லாரிக்காரர் தவறாமல் செலுத்தும் பணத்தில் தேசத்தின் மானமும் கொஞ்சம் இருக்கிறது. அதை லண்டன் தெருவில் கடனாக விட்டுவைப்பது நமக்கு அழகல்ல.