பொறியியல் பாடப்பிரிவுகளைத் தீர்மானிப்பது யார்?

பொறியியல் மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்ற புலம்பல் கல்லூரி நிர்வாகங்களிடமிருந்தும் பெருநிறுவனங்களிடமிருந்தும் ஆண்டுதோறும் எழுகிறது. ஆளுமை வளர்ச்சி வகுப்புகள், ஊக்கப் பேச்சாளர்கள் என்று மருந்தையும் அவர்களே பரிந்துரைக்கிறார்கள். (பல இடங்களில் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.) மாணவர் தாம் படிக்கும் பிரிவை உண்மையில் தாமே தேர்ந்தெடுத்தாரா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தில் முடிவுற்ற ஒரு வழக்கைத் தோழர்கள் நினைவுகூரலாம். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, தலித் மாணவருக்கு, தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் செலுத்த இயலாததால் அந்த இடம் பறிபோனது. அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. டெல்லி வரை வழக்காட முடியாதவர்களின் கதி என்ன?

சலுகை இல்லாதவர்களுக்கோ கட்டணமே பெருஞ்சுவர். 2016இல் ஐ.ஐ.டி.களின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. கடன்பட்டுப் படிக்க வரும் இளைஞர், எந்தத் துறை தமக்குப் பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்பே எந்தத் துறையில் கடனை விரைவில் அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். கணினி அறிவியலை நோக்கிய ஓட்டத்தின் பின்னே இருப்பது அறியாமையன்று, இந்தக் கணக்குதான்.

இதே கணக்கு கல்லூரி முதலாளிகளுக்கும் தோதாக அமைகிறது. கடைசல் எந்திரங்கள், வார்ப்படப் பட்டறை, நீரியல் ஆய்வகம் ஆகியவற்றை நிறுவிப் பராமரிப்பதைவிடக் கணினிகளை வரிசையாக அடுக்குவது மலிவு. ஆசிரியர்–மாணவர் விகிதத்தை 2018இல் 1:15இலிருந்து 1:20 ஆகத் தளர்த்திய அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, 2024–25 முதல் நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பையே நீக்கிவிட்டது. பெருநகரத் தனியார் கல்லூரிகள் கணினிப் பிரிவை ஊதிப் பெருக்குகின்றன. சிறுநகரங்களில் கட்டடவியலும் எந்திரவியலும் மாணவரின்றி மூடப்படுகின்றன. இதற்குச் ‘சந்தையின் தேவை’ என்று பெயர்.

திட்டமிடலுக்கு இடமிருந்த காலமும் இந்நாட்டில் இருந்தது. விடுதலைப் போராட்டக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த ஹிஜ்லி முகாமில்தான் 1951இல் முதல் ஐ.ஐ.டி. இயங்கத் தொடங்கியது. 1959இல் வாரங்கலில் வட்டாரப் பொறியியல் கல்லூரி எழுந்தது. பிலாய் உருக்காலையும் மின்வாரியங்களும் பாசனத் துறைகளும் பொறியாளர்களுக்காகக் காத்திருந்தன. அதைப் பொற்காலமென்று கொண்டாட வேண்டியதில்லை, ஐ.ஐ.டி.களில் தலித், பழங்குடி இடஒதுக்கீடே 1973இல்தான் வந்தது. ஆயினும் எந்திரவியல் படித்தவருக்குப் போய்ச்சேர ஓரிடம் இருந்தது. பொதுத்துறைப் பங்கு விற்பனையும் ஒப்பந்த முறையும் அந்த இடத்தை அரித்துவிட்டன. வேலையைப் பறித்துவிட்டு ஆர்வத்தைத் தேடுவது என்ன நியாயம்?

நாட்டுக்குக் கட்டடப் பொறியாளர்கள் தேவைப்படவில்லையா? 2024 ஜூன், ஜூலை மாதங்களில் பீகாரில் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் அடுத்தடுத்து இடிந்தன. தேவை இருக்கிறது, அதற்கு ஊதியம் தர அரசுக்கு மனமில்லை.

ஆகவே மாணவர் இயக்கங்கள் கட்டண எதிர்ப்போடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் என்பதை முடிவுசெய்வதில் மாநில அரசுகளுக்கும் ஆசிரியர், மாணவர் பிரதிநிதிகளுக்கும் பங்கு வேண்டும். இரயில்வே, மின்வாரியம், பாசனம், பொதுப்பணி ஆகிய துறைகளில் காலியாகக் கிடக்கும் பொறியாளர் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒரே மேடையில் எழுப்புவதற்கு இவ்வாண்டுச் சேர்க்கைக் கலந்தாய்வே உரிய தருணம்.