வீட்டைத் தைத்துக்கொள்ளும் புழு

நத்தை வீட்டைச் சுமப்பது எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டைத் தானே வெட்டித் தைத்துக்கொள்ளும் புழுவும் உண்டு. ஐரோப்பிய மலைக்காடுகளே அதன் தாயகம். லார்ச் மரம் அதன் உணவு. லார்ச் ஊசியிலை மரந்தான்; ஆனால் பனிக்காலம் வருமுன் இலை முழுவதையும் உதிர்த்துவிடும்.

தாய் அந்துப்பூச்சி சிறகை விரித்தாலும் சுமார் 9 மில்லிமீட்டர்தான். இலைமேல் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரிந்த புழு வெளியே தலைகாட்டாது. முட்டையின் அடிப்புறமாகவே இலைக்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்னும். கோடை முடிவில், குடைந்த இலைத்துண்டைக் கத்தரித்து, உள்ளே பட்டிழை பூசி, சட்டையாக மாட்டிக்கொள்ளும். பிறகு கிளைக்கு நகர்ந்து, கூட்டோடு ஒட்டிக்கொண்டு பனிக்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் தளிர் கண்டதும் அகோரப் பசி! உடல் பெருத்துக் கூடு போதாவிட்டால் இன்னொரு துண்டைச் சேர்த்துத் தைத்துக்கொள்ளும். எந்தத் தையற்காரரிடம் படித்ததோ! கோடைத் தொடக்கத்தில் அதே கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளிவரும்.

கடல் தாண்டிய கேடு

இது சொந்தச் சிறகால் கடலைத் தாண்டவில்லை. மனிதன்தான் அறியாமல் கொண்டுபோனான். 1886-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தென்பட்டது. 1957-ல் மேற்கே ஐடஹோவிலும் கண்டார்கள். பூச்சி போய்ச் சேர்ந்தது. அதன் பகைவர்கள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டனர். லார்ச் காடுகள் வைக்கோல் நிறமாயின.

இந்த நிலையில் மருந்து தெளிக்கச் சொல்வது எளிது. ஆனால் இலைக்குள் ஒளிந்து, கூட்டுக்குள் வாழும் புழுவை மலை மலையாகத் தேடி எத்தனை ஆண்டு தெளிப்பது? பகைவனை அழைத்து வருவதே புத்திசாலித்தனம். அதைத்தான் செய்தார்கள். ஐரோப்பாவிலிருந்து சின்னஞ்சிறு குளவிகளை 1930-களில் கிழக்கிலும், 1960 முதல் மேற்கிலும் விட்டார்கள். அவற்றில் ஒரு குளவி, இலைக்குள் இருக்கும் இளம்புழுவிலேயே முட்டையிடும். பனிக்காலம் முழுவதும் எதிரி வயிற்றுக்குள்ளேயே இருப்பான்! சில ஆண்டுகளில் புழுவின் கொட்டம் அடங்கியது.

அதோடு கதை முடிந்தது என்று சிலர் நினைத்தது தவறு. இந்த நூற்றாண்டில் புழு மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. வெப்பக்காலம் நீளுவதால், ஆண்டுக்கு ஒரு தலைமுறை கண்ட பூச்சி இரண்டாவதற்கும் நேரம் காண்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வசந்தத்தில் இலையை இழந்த லார்ச், அதே கோடையில் மறுபடி தளிர்த்துத்தான் பிழைத்து வந்தது. இரண்டாம் தலைமுறை அந்தத் தளிரிலும் வாய் வைத்தால் மரம் எதைக்கொண்டு தாங்கும்? குளவிக்குச் செலவிட்டவர்கள், இனி அந்தக் காடுகளை ஆண்டுதோறும் கண்காணிக்கவும் செலவிட வேண்டும்.