இசைக்கு மொழி இல்லையாம்... ஆனா கேட் இருக்கு!

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல நண்பர் ஒருத்தர் அந்த வழக்கமான டயலாக்கை எடுத்து விட்டார். "இசைக்கு மொழி கிடையாதுடா, அது உலகப் பொது மொழி." எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு மட்டும் எரிச்சல். ஏன்னா நான் தஞ்சாவூர்க்காரன்.

திருவையாறு எங்களுக்கு டவுன் பஸ் தூரம். வருஷா வருஷம் புஷ்ய பகுள பஞ்சமியில, காவிரிக் கரையில நூத்துக்கணக்கான பேர் உக்காந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவாங்க. அஞ்சுல ஒண்ணு சமஸ்கிருதம், மீதி தெலுங்கு. சுத்தி இருக்கிறது தமிழ் ஜனம். நம்ம நண்பரோட டயலாக்குக்கு இதைவிட நல்ல போஸ்டர் கிடைக்காது, இல்லையா?

போஸ்டருக்குப் பின்னாடி பாருங்க மக்களே. அங்கே தியாகராஜருக்குக் கோயில் கட்டினது பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்தவர். 1920களில் தன் சொத்தைப் போட்டுக் கட்டினார். ஆனா ஆராதனையில பாட அவருக்கு இடமில்லை, பெண் என்பதால! 1927ல் பெண்களுக்கென்று தனி ஆராதனையே நடத்தினார். கோஷ்டிகள் எல்லாம் ஒண்ணானது 1940 வாக்கில்தான். பொது மொழியாம்!

அடுத்து தமிழிசை. கச்சேரியில தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவா கிடக்குதேன்னு 1940களில் ஓர் இயக்கமே நடந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று, 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினாங்க. அப்பவும் பதில் இதேதான்: இசைக்கு ஏதுய்யா மொழி? சரி, மொழியே இல்லைன்னா தமிழ்ல பாடினா மட்டும் என்ன குறைஞ்சிடும்? இதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லலை.

அட, பறைக்கு யாராவது இந்தப் பட்டத்தைக் கொடுத்துப் பாத்திருக்கீங்களா? அந்த அடிக்கு ஆடாத கால் டெல்டாவில கிடையாது. ஆனா அடிச்ச கைக்குத் தனி டம்ளர் வெச்ச ஊர்களும் இதே டெல்டாதான்.

அப்போ இசை எல்லை தாண்டாதா? தாண்டும். சும்மா தாண்டாது. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவும் மெனக்கெட்டதாலதான் ஐரோப்பிய வயலின் நம்ம கச்சேரிக்கு வந்தது. சுதியை மாத்தி, சம்மணம் போட்டு வாசிக்கிற மாதிரி ஆச்சு. ஆந்திராவிலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோவில்ல தஞ்சாவூர் பாணி நாதஸ்வரம் கத்துக்கிட்டார். ஸ்ரீரங்கத்திலேயே தங்கி ரங்கநாதருக்கு வாசித்தார். ஒருத்தர் கத்துக்கிட்டார், இன்னொருத்தர் மனசாரச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் ரகசியம்.

யுனிகோடு வந்த அன்னிக்கே தமிழ் தானா திரையில தெரிஞ்சிடலை சார். யாரோ ராத்திரி கண்ணு முழிச்சு எழுத்துரு செஞ்சாங்க. இசையும் அப்படித்தான்.

அதனால அடுத்த தடவை இந்த டயலாக்கை விடுறதுக்கு முன்னாடி, வாசல்ல யாரை நிறுத்தி வெச்சிருக்கோம்னு ஒரு தடவை எட்டிப் பாத்துடுங்க.

பி.கு: நண்பர் கோவிச்சுக்கலை. "உனக்கு எதுலயும் குறைதான்"னுட்டு காபி வாங்கிக் கொடுத்தார் :-)